உப்புத் திருடி

கிளிஞ்சல்மேடு, காரைக்கால்
12.2.1981

ரோசலிக்கு அஞ்சுகம் எழுதுவது.

உன் விலாசத்தை உன் அம்மா ஒர்த்தான்ஸ் அம்மாளிடம்தான் வாங்கினேன். கடைத்தெருவில் என்னைப் பார்த்து, யாரு, அஞ்சுகமா என்று இரண்டு முறை கேட்டார்கள். ஒர்த்தான்ஸ் அம்மாளுக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. நான்தான் அடையாளம் தெரியாமல் போயிருக்கிறேன்.

சமாதானம் பேச எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. ஆறு வருஷத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டில் நடந்தது எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. இரண்டு பேருக்கும் பாண்டிச்சேரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. நான் வரவில்லை, அத்தை மகன் ஐயனாரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றேன். நாலு பேர் எதிரில் நீ கேட்டாய்: "மீன் கூடை தூக்கவாடி எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிச்ச?" என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு ஐயனாரைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்கலாம். கோபத்தில், நீ மட்டும் என்ன, படித்துவிட்டுப் பிரான்சில் வெள்ளைக்காரன் மூத்திரச் சட்டி தூக்கத்தானே போகிறாய் என்று கேட்டுவிட்டேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய். பிறகு பிரான்சுக்கே போய்விட்டாய். பாதியில் நிற்கும் சண்டையை அப்படியே விட்டுவிட்டுச் சாக எனக்கு மனசில்லை.

ஆமாம், சாவுதான். மழுப்ப என்ன இருக்கிறது? போன வருஷம் ஆடியில் தொடங்கியது. முதலில் சோர்வு. பிறகு காலையில் வாந்தி. மசக்கை என்று தெருவே சந்தோஷப்பட்டது, பாவம். உடம்பு பாதியாக இளைத்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. நெரவியில் மீன் விற்கப் போன இடத்தில் கூடையோடு விழுந்தேன். கறுத்தும் போய்விட்டேன். கடற்கரை வெயிலில் நிற்கிறவள் கறுக்காமல் என்ன செய்வாள் என்று அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

டாக்டர் சோமசேகரன் ரத்தம் எடுத்துப் பார்த்தார். யூரியா ஏறியிருக்கிறதாம், சிறுநீரகம் கெட்டுவருகிறதாம். உப்பை அறவே நிறுத்தச் சொன்னார். அத்தைக்கு அது வேதவாக்கு. பக்கத்து வீட்டுச் செல்லத்துக்குக் கால் வீங்கிச் சிறுநீரக வியாதி வந்தபோது உப்பில்லாப் பத்தியத்தில்தான் வீக்கம் வடிந்தது. அதிலிருந்து எங்கள் தெருவில் சிறுநீரகம் என்றாலே உப்பில்லாச் சோறு.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதே. நான் உப்புத் திருடுகிறேன். கொல்லையில் கருவாடு போடுகிற தொட்டி இருக்கிறது. அத்தை அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு கை கல்லுப்பை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த உப்பு நாக்கில் கரையும்போது கிடைக்கிற நிம்மதி எனக்கு வேறு எதிலும் கிடைப்பதில்லை.

பதில் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

அஞ்சுகம்

---

மோன்பெலியே, பிரான்சு
24.2.1981

அஞ்சுகம்,

ஆறு வருஷம் கழித்து ஒரு கடிதம், அதிலும் பாதி சண்டை. படித்துவிட்டு ஒரு மணி நேரம் கோபமாக இருந்தேன். அப்புறம் மறுபடி படித்தேன்.

முதலில் உன் ஆசையைத் தீர்த்துவைக்கிறேன். நான் வேலை பார்ப்பது சிறுநீரக வார்டில். வெள்ளைக்காரர்களின் மூத்திரத்தைத் தினமும் அளந்து, எவ்வளவு உப்பு போகிறது, எவ்வளவு தண்ணீர் போகிறது என்று குறித்துவைப்பதுதான் என் பிழைப்பு. நீ சொன்னது அப்படியே பலித்துவிட்டது, போதுமா? கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாமல் இருந்தாயே, அதைப் பற்றி நான் பிறகு பேசிக்கொள்கிறேன். பத்திரிகை வரும் என்று பாண்டிச்சேரி விடுதியில் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான்.

இப்போது நர்ஸாகக் கேட்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நேரான பதில் வேண்டும். உள்ளங்கையை வெளிச்சத்தில் விரித்துப் பார். ரேகைகள் மட்டும் தனியாகக் கறுத்திருக்கின்றனவா? கீழுதட்டை இழுத்துக் கண்ணாடியில் பார். ஈறு என்ன நிறம்? சமீபத்தில் வெட்டுப்பட்ட தழும்பு இருந்தால் அது கறுத்திருக்கிறதா? செல்லத்துக்கு வீங்கியதுபோல உனக்குக் கால், முகம் எங்காவது வீக்கம் உண்டா? பள்ளிக்கூடம் முடித்த வருஷம் உனக்குக் காசம் வந்து ஊசி போட்டார்களே, முழுசாகப் போட்டுக்கொண்டாயா?

வெயில் உள்ளங்கையிலும் ஈற்றிலும் அடிப்பதில்லை, அஞ்சுகம். அதனால்தான் கேட்கிறேன்.

எனக்குத் தோன்றுவதை இப்போது எழுத மாட்டேன். தவறாக இருந்தால் உன்னைக் கொன்ற பழி எனக்கு வரும். ஆனால் ஒன்று சொல்கிறேன். உன் பதில் வரும்வரை அந்தத் திருட்டை நிறுத்தாதே. அள்ள முடிந்த மட்டும் அள்ளித் தின்னு. எங்கள் வார்டில் எந்த நோயாளியிடமும் நான் இப்படிச் சொன்னதில்லை.

ரோசலி

---

கிளிஞ்சல்மேடு
13.3.1981

ரோசலி,

நீ பயமுறுத்தியதில் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

ரேகையெல்லாம் மை தடவினாற்போல் இருக்கிறது. ஈறு நாவற்பழம் தின்றவள் வாய்போல் இருக்கிறது. போன வருஷம் சுறா அறுக்கும்போது கட்டைவிரலில் பட்ட வெட்டு கன்னங்கரேல் என்று கிடக்கிறது. அதே விரலில் பள்ளிக்கூடக் காலத்துத் தழும்பு வெளுப்பாகவே இருக்கிறது. இதை எப்படி அங்கே உட்கார்ந்துகொண்டு கேட்டாய்? வீக்கம் எங்கும் இல்லை. வீங்குவதற்கு உடம்பில் என்ன இருக்கிறது? ஊசி பாதியோடு நின்றுபோனது. இருமல் நின்றதும் நானும் போவதை நிறுத்திவிட்டேன்.

கல்யாணப் பத்திரிகை பற்றி எழுதியிருந்தாய். எழுதி வைத்தேன், தபாலில் போடவில்லை. நீ வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

சரி, இனி கெட்ட செய்தி. மாட்டிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை தொட்டி ஓரம் குனிந்தபடி வாயில் உப்போடு நின்றபோது அத்தை வந்துவிட்டாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதாள். "ஏண்டி, வாழ வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியா? எம்புள்ள என்னாவான்?" என்றாள். அத்தை கனகாம்பாள் அழுது நான் பார்த்ததில்லை. மாமனார் கடலோடு போனபோதுகூட அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். நீ எழுதியதைச் சொல்லிப் பார்த்தேன். உப்பைத் தின்னச் சொல்கிற நர்ஸ் எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டாள். ஐயனாருக்கோ யார் பேச்சைக் கேட்பது என்று தெரியவில்லை. டாக்டர் இங்கே இருக்கிறார், நீ எங்கோ இருக்கிறாய்.

அத்தை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டுவிட்டாள். ஒரு மண்டலம் நான் உப்பில்லாமல் சாப்பிட வேண்டும், அவளும் என்னோடு உப்பில்லாமல் சாப்பிடுவாள். கடற்கரையில் இருந்தால் நான் திருடுவேன் என்று விழிதியூரில் அவள் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைக்கப் போகிறாள். அது வயல்காட்டு ஊர். கருவாட்டுத் தொட்டி கிடையாது. உப்பு ஜாடியை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லி ஆள் அனுப்பியாயிற்று. அவளும் கூடவே வந்து இருக்கப்போகிறாள். இவ்வளவு பிரியமாக ஒருத்தி கிட்டே இருந்து பார்த்துக்கொள்ளும்போது நான் எப்படி முரண்டு பிடிப்பேன்?

நாளை மறுநாள் புறப்பாடு. கையில் தெம்பு இல்லை. எழுத்து கோணினால் மன்னித்துக்கொள்.

அஞ்சுகம்

---

மோன்பெலியே
23.3.1981

அஞ்சுகம்,

உன் கடிதம் இன்று காலை வந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத் தபாலாபீசுக்கு ஓடி ஐயனாருக்குத் தந்தி கொடுத்தேன். அது இந்தக் கடிதத்துக்கு முன்னால் வந்துவிடும். வந்திருக்க வேண்டும். ஜெபம் பண்ணிக்கொண்டே எழுதுகிறேன்.

இதை நீ படிக்க முடியாவிட்டால் ஐயனார் படிக்கட்டும். பிறகு டாக்டர் சோமசேகரனிடம் கொடுக்கட்டும். எங்கள் வார்டு பெரிய டாக்டரம்மாளிடம் உன் இரண்டு கடிதங்களையும் வரி வரியாகப் பிரெஞ்சில் சொன்னேன். ஈறு, ரேகை, புதுத் தழும்பு என்று வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உப்புத் திருட்டைச் சொன்னதும், இவ்வளவு நாள் அவள் உயிரோடு இருப்பதே அதனால்தான் என்றார்.

உன் சிறுநீரகம் கெடவில்லை. நெரவி வாய்க்கால் மதகை நினைத்துக்கொள். கட்டுமானம் சரியாக இருக்கிறது, பலகையும் சரியாக இருக்கிறது. தண்ணீர் அளவு பார்த்துப் பலகையை இறக்குகிற லஸ்கர்தான் வேலைக்கு வரவில்லை. உனக்கு நடந்தது அதுதான்.

ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலைமேலும் குல்லாய்போல் ஒரு சிறிய சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது உடம்பின் உப்பெல்லாம் அதோடு வெளியே வருகிறது. அதில் பெரும்பங்கைத் தானாகவே திரும்ப எடுத்துக்கொள்ளும். கடைசியில் மிஞ்சும் கொஞ்சத்தை எடுப்பதா விடுவதா என்பதற்கு மட்டும் உத்தரவு வேண்டும். அந்த உத்தரவு அந்தச் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் வருகிற ஹார்மோன். அல்டோஸ்டிரோன் என்று பேர். உத்தரவு வராவிட்டால் உப்பு மூத்திரத்தில் ஒழுகிப் போகும். உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீரும் போகும். ரத்தம் வற்றும், அழுத்தம் விழும், எழுந்தால் கண் இருட்டும். கடைசியில் சிறுநீரகத்துக்கே போதிய ரத்தம் போகாது. ரத்தம் போகாமல் அது எதை வடிகட்டும்? யூரியா தேங்கிவிடும். டாக்டர் பார்த்த யூரியா நிஜம்தான். அதற்கான காரணம் மட்டும் வேறு.

இன்னொன்றும் கேள். ரத்தம் குறைந்ததும் சிறுநீரகம் சும்மா இருக்காது. ரெனின் என்ற ஒன்றை அனுப்பி, உப்பைப் பிடிக்க உத்தரவு கொடு என்று அந்தச் சுரப்பிக்குச் சொல்லி அனுப்பும். உன்னுடையது மாதக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. பதில் சொல்ல வேண்டிய சுரப்பியை நீ பாதியில் விட்ட காசம் தின்றுவிட்டது. மூளையும் தன் பங்குக்கு அதை அதட்டி ஒரு ஹார்மோனை அள்ளி அனுப்புகிறது. அந்த அதட்டல்தான் உன் தோலையும் ஈற்றையும் கறுக்கவைக்கிறது.

அதே சுரப்பியிலிருந்து கார்ட்டிசால் என்று இன்னொரு ஹார்மோனும் வர வேண்டும். ரத்தக் குழாய்கள் விறைப்பாக இருக்கவும் சிறுநீரகத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போகவும் அது தேவை. அதனால் உப்பு மட்டும் போதாது, ஊசியும் வேண்டும்.

டாக்டரிடம் மரியாதையாகச் சொல்லச் சொல்: படுக்கவைத்து ஒரு தடவை, உட்காரவைத்து ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்க்கட்டும். கையைப் பார்க்கட்டும். அவர் நல்ல டாக்டராக இருந்தால் மிச்சம் அவருக்கே புரிந்துவிடும்.

அத்தையிடம் கோபப்படாதே. இங்கே படித்தவர்களே இந்த வியாதியை விட்டுவிடுவது உண்டு.

பதில் எழுது. எழுதுவாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது, அஞ்சுகம்.

ரோசலி

---

பாண்டிச்சேரி
28.4.1981

என் ரோசலி,

இருக்கிறேன்.

அதை முதல் வரியாக எழுத வேண்டும் என்று படுக்கையில் கிடந்தபடி மனசுக்குள் எழுதி எழுதி வைத்திருந்தேன். இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத விட்டார்கள். நிஜமாகவே உட்கார்ந்துதான் எழுதுகிறேன், சாய்மானம்கூட இல்லை.

உன் தந்தி எங்கள் ஊரில் பட்டபாட்டைக் கேள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாயாமே. தந்திக்காரர் எழுத்துக்கூட்டி, 'அஞ்சுகத்துக்கு உடனே உப்புக் கொடு, டாக்டரிடம் தூக்கிப் போ' என்று வாசித்ததும் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். பிரான்சிலிருந்து உப்புக்குத் தந்தியா, இது ஏதோ கடத்தல் சரக்குக்குச் சங்கேதப் பேர் என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். ஐயனார் அதற்கெல்லாம் நிற்கவில்லை. தந்தி கொடுத்து ஒருத்தி சொல்கிறாள் என்றால் காரணம் இருக்கும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு விழிதியூருக்கு மிதித்திருக்கிறார்.

அங்கே நான் இருந்த நிலை எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். அத்தை என் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னோடு சேர்ந்து உப்பில்லாமல் தின்று அவளும் வாடித்தான் போயிருந்தாள். ஐயனார் நீராகாரத்தில் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கியதும் அவள் குறுக்கே கை நீட்டித் தடுத்தாளாம். ஐயனார் தாயாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். அன்றைக்குப் பேசினார். "ஒங் கையாலயும் பாத்தாச்சு, மாரியாத்தா கையாலயும் பாத்தாச்சு. இனிமே ரோசலி கையால பாப்போம்" என்றாராம். நான் குடித்தேன். பாதி வாந்தியில் போனது, பாதி தங்கியது.

பிறகு வாடகைக் காரில் டாக்டர் சோமசேகரனிடம். தந்தியைப் பார்த்து அவருக்கு முகம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் தள்ளிவிடவில்லை. படுக்கவைத்து அழுத்தம் பார்த்தார். தூக்கி உட்காரவைத்துப் பார்த்தால் காதில் ஒன்றுமே கேட்கவில்லையாம். உன் கடிதம் அப்போது வரவில்லை, ரோசலி. அவராகவேதான் என் கையைத் திருப்பி ரேகையைப் பார்த்தார், உதட்டை விலக்கி ஈற்றையும் பார்த்தார். படிக்கிற காலத்தில் ஒரே ஒரு பக்கம் படித்த வியாதி என்று பிறகு சொன்னார். ஆஸ்துமாக்காரர்களுக்காக வைத்திருந்த ஒரு ஊசியை எடுத்து அவரே போட்டார். அது அந்தக் கார்ட்டிசாலேதானாம். பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீர் ஏற்றினார். அப்புறம் ஐயனாரிடம் போய், "உப்ப நிறுத்தச் சொன்னவன் நான்தான். அது தப்பாப் போச்சு" என்றார். பெரிய மனுஷர். எனக்கு அவர்மேல் ஒரு வருத்தமும் இல்லை.

மறுநாள் காலையில் நான் கண் விழித்தபோது பசித்தது! எத்தனை மாதத்துக்கு அப்புறம் பசி! இட்லி வேண்டும் என்றேன். கம்பவுண்டர் அழுதுவிட்டார் என்று ஐயனார் சொல்கிறார். தான் அழுததை மறைக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

டாக்டர் தன் காரிலேயே இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார். எக்ஸ்ரேயில் இரண்டு சிறுநீரகத்துக்கு மேலேயும் சுண்ணாம்பு படிந்து கிளிஞ்சல் பொடிபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது. செத்த சுரப்பிகள். ரத்தமும் எடுத்துப் பார்த்து நீ சொன்னதேதான் என்று உறுதி செய்துவிட்டார்கள். உன் கடிதத்தைச் சோமசேகரன் இங்கே எடுத்துவந்து பெரிய டாக்டர்களுக்குப் படித்துக் காட்டினார். மதகும் லஸ்கரும் வந்த இடத்தில் அவர்கள் சிரித்து ரசித்தார்களாம்.

அத்தை ஊரிலேயே இருந்துகொண்டாள். வரவே மாட்டேன் என்றாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்தாள். தூக்குச்சட்டியைத் திறந்தால் நெத்திலிக் கருவாடு, பொரித்தது. கட்டிலில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவள் முன்னால் ஒன்று விடாமல் தின்று விரலையும் நக்கினேன்.

அஞ்சுகம்

---

மோன்பெலியே
11.5.1981

அஞ்சுகம், அஞ்சுகம்,

உன் கடிதத்தின் முதல் வரியைத் தபால் பெட்டி பக்கத்திலேயே நின்று படித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரக் கிழவி துக்கச் செய்தி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். இல்லை மதாம், என் சிநேகிதி இட்லி கேட்டிருக்கிறாள் என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, அவளும் என்னோடு சேர்ந்து சிரித்தாள்.

நேற்று பெரிய டாக்டரம்மாள் வார்டில் எல்லோரையும் கூட்டி உன் கதையை என்னைச் சொல்லச் சொன்னார். கோட்டுப் போட்ட டாக்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் என்னிடம் சிறுநீர் அளவைத் தவிர வேறு எதுவும் கேட்காதவர்கள். கிளிஞ்சல்மேட்டில் மீன் விற்கும் ஒரு பெண் கருவாட்டுத் தொட்டியில் உப்புத் திருடித் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்ட விதத்தைச் சொன்னேன். முடித்தபோது கைதட்டினார்கள். தட்டியது உனக்கா எனக்கா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் பாதிப் பாதி எடுத்துக்கொள்வோம்.

இனி இதைக் கவனமாகக் கேள். நீ வாழ்நாள் முழுக்க இரண்டு மாத்திரை சாப்பிட வேண்டும். ஒன்று கார்ட்டிசாலின் வேலையைச் செய்யும், அது அங்கேயே கிடைக்கும். மற்றது உப்பைப் பிடித்துவைக்கிற குட்டி மாத்திரை. அது அங்கே கிடைப்பது கஷ்டம். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து லீவுக்கு ஊருக்கு வருகிற சொல்தா ஒவ்வொருவர் பெட்டியிலும் கொடுத்து அனுப்புவேன். பட்டாளத்து ழோர்ழ் அண்ணன் இந்த மாதக் கடைசியில் வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்ப ஒரு பெட்டி ஊசியும் வைத்திருக்கிறேன்.

காய்ச்சல் வந்தாலோ அடிபட்டாலோ நல்ல சுரப்பி தானாகவே அதிகம் சுரக்கும். உன்னுடையது சுரக்காது. நீதான் மாத்திரையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வாந்தி, பேதி வந்து மாத்திரை தங்காவிட்டால் தாமதிக்கவே கூடாது. ஊசி, உப்புத் தண்ணீர், அப்புறம்தான் மற்றதெல்லாம். இதை வீட்டில் இன்னொருவரையும் நெட்டுருப் போடவை. ஐயனார் கடலில் இருப்பார், அதனால் கரையில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடு.

கருவாடு எனக்கும் ஆசையாக இருக்கிறது. ழோர்ழ் அண்ணன் திரும்பி வரும்போது கொடுத்து அனுப்பு. நன்றாகச் சுற்றி அனுப்பு, விமானத்தில் மானம் போகாமல்.

ரோசலி

---

கிளிஞ்சல்மேடு
9.12.1982

ரோசலி,

மூன்று மாதம் எழுதாமல் இருந்ததற்குத் திட்டாதே. காரணம் பெரிது.

அதற்கு முன் என் பெருமையைக் கொஞ்சம் கேள். இப்போது என்னைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியும். பழைய ரவிக்கை எதுவும் பத்தவில்லை. விடிந்ததும் ஏலத்துக்குப் போய், நெரவி, கோவில்பத்து என்று சுற்றி விற்றுவிட்டு மத்தியானம் வந்துவிடுகிறேன். வைத்தியமும் பார்த்தேன். நம்ப மாட்டாய், கண்ணில் பட்டவர்களை எல்லாம் உதட்டை இழுத்துப் பார்த்து, ஏழு பேரோ எட்டு பேரோ டாக்டர் சோமசேகரனிடம் அனுப்பினேன். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அவர் என்னைக் கூப்பிட்டு, மீன்பிடி ஊரில் கறுத்தவர்களை எல்லாம் அனுப்பினால் நான் கிளினிக்கைக் கடற்கரைக்குத்தான் மாற்ற வேண்டும் அம்மா என்றார். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஊருக்குள் தண்ணீர் ஏறியது. குடிக்கிற தண்ணீர் கெட்டுத் தெருவுக்கு நாலு பேர் பேதியில் விழுந்தார்கள். நானும் விழுந்தேன். ஐயனார் கோடியக்கரைப் பக்கம் தொழிலுக்குப் போயிருந்தார். மாத்திரையைக் கூட்டிப் போட்டேன், வாந்தியில் வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி வந்தது. மத்தியானத்துக்குள் என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பழைய இருட்டு வந்துவிட்டது. இந்தத் தடவை தப்பாது என்றுதான் நினைத்தேன். தெருவிலும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். செல்லம் வாசலில் நின்று அழ ஆரம்பித்துவிட்டாளாம்.

அத்தை அழவில்லை. நீ அனுப்பிய ஊசிப் பெட்டியை மடியில் கட்டிக்கொண்டாள். பஸ் ஓடவில்லை. மீன் ஏற்ற வந்த தட்டுவண்டியில் என்னைக் கிடத்தி, முழங்கால் தண்ணீரில் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே காரைக்கால் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாள். அங்கே பேதிக்காரர்கள் வராந்தா முழுக்கக் கிடந்தார்கள். டியூட்டியில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டர். எல்லோருக்கும்போல எனக்கும் சீட்டு எழுதி வரிசையில் வைக்கப் பார்த்தார். இது வரைக்கும் எனக்கு நினைவு உண்டு. அதற்குமேல் பக்கத்துப் படுக்கைக்காரி சொல்லித்தான் தெரியும்.

கையெழுத்துப் போடத் தெரியாத கனகாம்பாள் அந்த டாக்டரின் மேஜையில் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறாள். "ஐயா, இவளுக்கு உள்ள ரெண்டு சுரப்பியும் செத்துப்போச்சு. மொதல்ல இந்த ஊசி, அப்பறம் உப்புத் தண்ணி, அப்பறமா நீங்க என்ன கேட்டாலும் சொல்றேன்" என்றாளாம். ஒன்றரை வருஷமாகத் தினமும் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். திருப்பிச் சொல்லும்போது தப்புத் தப்பாகச் சொல்லி என்னைச் சிரிக்கவைப்பாள். அன்றைக்கு ஒரு எழுத்து பிசகவில்லை. அந்தப் பிள்ளை நல்லவர். ஊசியின் பேரைப் படித்ததும் எழுந்து வந்து என் கையைத் திருப்பிப் பார்த்தார். அந்த இடத்திலேயே ஊசி போட்டார். வராந்தாத் தரையில் வைத்தே உப்புத் தண்ணீர் ஏற்றினார்.

சாயந்தரம் நான் கண் திறந்தபோது பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது அத்தை. மாட்டுவதற்குக் கொக்கி போதவில்லையாம். அவ்வளவு நேரமும் யாரிடமும் கொடுக்காமல் அப்படியே நின்றிருக்கிறாள். டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். இந்த வியாதியைப் பற்றி உங்களுக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் அம்மா என்று அத்தையிடம் கேட்டார்.

"தெரியாம இருந்தப்ப இவள நானே கொல்லப் பாத்தேன் ஐயா" என்றாள் அத்தை. "அதான் தெரிஞ்சிக்கிட்டேன்."

நான் அவள் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் முடிந்தது. பாட்டில் தீர்ந்ததும் இன்னொன்று கொடுங்கள் என்று அவள் அதிகாரமாகக் கேட்டு வாங்கினாள்.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐயனார் விஷயம் தெரிந்து கரையேறி ஓடிவந்து, தூக்கிப் போக நாற்காலியோடு வாசலில் நின்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வராந்தாவில் கிடந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒருத்தர் தோளையும் பிடிக்காமல், அத்தைக்குப் பக்கத்தில் நடந்தே வெளியே வந்தேன். வெளியே மழை விட்டு நல்ல வெயில். ஜெயித்துவிட்டோம், ரோசலி. அதை யாரிடமாவது சத்தமாகச் சொல்ல வேண்டும்போல இருந்தது, அதனால் நடுரோட்டில் நின்று ஐயனாரிடம் சொன்னேன். அவர் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அஞ்சுகம்